கடல் கொண்ட ஊர்க் கதைகளில் எதை நம்பலாம்? எங்கள் ஆயா சொல்வதையும் சேர்த்துக் கேட்கிறேன்

ஒற்றியூர்க்காரன் (திருவொற்றியூர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் காசிமேட்டுக்கு ஐஸ் லோடு அடிக்கிற வண்டி ஓட்டுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டியை வரிசையில் போட்டால் இறக்கி முடிக்க நாலு மணி ஆகிவிடும். அந்த இடைவெளிதான் நான் போனில் படிக்கிற நேரம். ஒரு வாரமாகக் கடலில் போன ஊர்களைப் பற்றி மட்டும்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் என் மகள்.

எட்டாம் வகுப்பு படிக்கிறாள். "கடலில் மூழ்கிய பழைய நகரங்கள்" என்று சார்ட் எழுதி வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். நோட்டில் ஒரு பட்டியல் போட்டிருந்தாள். அட்லாண்டிஸ், குமரிக்கண்டம், பூம்புகார், மாமல்லபுரம், நோவா காலத்து வெள்ளம். கடைசி வரியில் "எங்கள் பெரிய ஆயா வீடு" என்று எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் திருத்திக் கொடுத்தபோது அந்த வரியை மட்டும் சிவப்பு மையில் சுழித்து, "இது வரலாறு இல்லை, நீக்கவும்" என்று எழுதிவிட்டார்கள். அட்லாண்டிஸுக்கு டிக். பிள்ளை அழவில்லை. ஆனால் ராத்திரி சாப்பிடும்போது, "அப்பா, ஆயா பொய்யா சொல்லுது?" என்று கேட்டாள். ஆயா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

ஆயாவுக்கு 81 வயது. பதினேழு வயதில் கல்யாணமாகி இந்தக் குப்பத்துக்கு வந்தது. வந்த புதிதில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு வரிசை வீடு, அதற்கு முன்னால் வலை காயப்போடும் மணல் திட்டு, அந்தத் திட்டின் ஓரத்தில் செங்கல் கட்டிய ஒரு கிணறு. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் தண்ணீர் இனிப்பாக இருக்குமாம். முதலில் திட்டு போனது, பிறகு முன் வரிசை போனது. என் அப்பா ஆயா வயிற்றில் இருந்தபோது கிணறு மட்டும் அலைக்குள் தனியாக நின்றதாம். கடல் உள்வாங்கும் நேரத்தில் அதன் விளிம்பு வட்டமாகத் தெரியும் என்று கையால் வட்டம் போட்டுக் காட்டும். எங்கள் வீடு போனது எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலத்தில், கார்த்திகை மாதம் ஒரே ராத்திரியில்.

அந்த வீட்டிலிருந்து தப்பியது ஒரே ஒரு பொருள், அம்மிக்கல். அப்பாவும் சித்தப்பாவும் இடுப்பளவு தண்ணீரில் தூக்கி வந்தார்கள். இப்போதும் எங்கள் பின்கட்டில் கிடக்கிறது. நடுவில் தேய்ந்து பள்ளமாகிவிட்டது, ஒரு மூலை உடைந்திருக்கிறது. மிளகாய் அரைக்கிற பக்கம் ஒரு நிறம், மற்றப் பக்கம் ஒரு நிறம். அந்தப் பள்ளத்தில் மகள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு வெள்ளக் கதை இருக்கிறது. பிரளயம் வந்தபோது சிவபெருமான் வெள்ளத்தை ஒற்றித் தள்ளிய இடம் என்பதால் ஒற்றியூர் என்று கோயிலில் சொல்வார்கள். ஆயா அதையும் நம்புகிறது, தன் வீடு கடலில் போனதையும் சொல்கிறது. இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்லும்.

என் கேள்வி இதுதான். உலகத்தில் இந்த மாதிரிக் கதைகளில் எதற்கு மண்ணிலிருந்து ஆதாரம் கிடைத்திருக்கிறது, எதற்குக் கிடைக்கவில்லை? அதை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்? பிள்ளை அந்தக் கடைசி வரியை எடுத்துவிட வேண்டுமா?


ஓய்வு வாத்தியார் (தண்டையார்பேட்டை)

தம்பி, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். எடுக்க வேண்டாம். 31 வருடம் வரலாறு நடத்தியவன் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் நேரில் பார்த்த சாட்சி உயிரோடு இருப்பது அந்த ஒரு வரிக்குத்தான்.

கதை ஒரு சாட்சி, மண் ஒரு சாட்சி. இரண்டையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். கதையிடம் கேட்க வேண்டியது: முதலில் சொன்னவர் யார், சம்பவம் நடந்து எத்தனை காலம் கழித்துச் சொன்னார்? மண்ணிடம் கேட்க வேண்டியது: எந்த அடுக்கில் என்ன கிடக்கிறது, அது எந்தக் காலத்தது? இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம்.

உங்கள் மகளின் பட்டியலில் இல்லாத ஒரு ஊரைச் சொல்கிறேன். கிரேக்க நாட்டில் ஹெலிகே. கி.மு. 373, குளிர்காலத்து இரவு. நிலம் குலுங்கியது, கடல் ஏறியது, ஊர் முழுக்கப் போய்விட்டது. இது புராணம் இல்லை, நடந்தது என்று அந்தக் காலத்துக்காரர்களே எழுதி வைத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எரடோஸ்தனிஸ் என்ற அறிஞர் அந்தப் பக்கம் போனார். ஓடக்காரர்கள் அவரிடம் ஒன்று சொன்னார்கள். தண்ணீருக்குள் கடல் தெய்வம் பொசைடனின் வெண்கலச் சிலை கையில் கடற்குதிரையோடு நின்றுகொண்டிருக்கிறது, வலை போடுகிறவர்கள் அதில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துப் போட வேண்டும் என்றார்கள். இந்தத் தகவலை ஸ்ட்ராபோ என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் தன் நூலில் எழுதி வைத்திருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது.

பிற்காலத்தில் ஹெலிகேயைத் தேடியவர்கள் எல்லாரும் கொரிந்து வளைகுடாவின் கடல் தரையில்தான் தேடினார்கள். கிடைக்கவில்லை. டோரா கட்சோனோபுலூ என்ற தொல்லியல் அறிஞரும் ஸ்டீவன் சோட்டர் என்ற விஞ்ஞானியும் பழைய வரியைத் திரும்பப் படித்தார்கள். ஓடக்காரர்கள் சொன்ன இடத்துக்கு அந்த நூலில் இருக்கும் கிரேக்கச் சொல்லைக் கடல் நீரிணை என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கரைக்கு உள்ளே தேங்கி நிற்கும் காயலாகவும் இருக்கலாமே என்று இவர்கள் கேட்டார்கள். நிலத்தில் துளை போட்டுப் பார்த்தார்கள். 2001-ல் கரையிலிருந்து உள்ளே தள்ளி, காயல் படிந்த வண்டலுக்கு அடியில் சுவர்களும் பானை ஓடுகளும் கிடைத்தன. அந்தக் காயல் பின்னால் ஆற்று மண்ணால் தூர்ந்து நிலமாகிவிட்டது. வலைக்காரர்கள் சொன்ன சிலை இன்றைக்கு வரைக்கும் கிடைக்கவில்லை. ஆனால் தண்ணீருக்கு அடியில் ஊர் இருந்தது என்று அவர்கள் சொன்னது சரி. அவர்கள் சொன்னது எந்தத் தண்ணீர் என்பதைத்தான் படித்தவர்கள் தவறாக எடுத்துக்கொண்டார்கள். இந்த ஊரைப் பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் குரல் மாறிவிடும்.

இதை அட்லாண்டிஸோடு வைத்துப் பாருங்கள். அந்தத் தீவைப் பற்றி எழுதிய முதல் ஆள் பிளேட்டோ. அவருக்கு முன்னால் எழுதியவர் ஒருவரும் இல்லை. சம்பவம் நடந்ததாக அவர் சொல்வது 9,000 வருடத்துக்கு முன்னால், ஓர் எகிப்தியப் பூசாரி சொன்ன கதையாக. நடுவில் சாட்சியே கிடையாது, மண்ணிலிருந்தும் எதுவும் வரவில்லை. நல்ல அரசு எது, கெட்ட அரசு எது என்று பேசுவதற்காக ஒரு தத்துவ ஆசிரியர் கட்டிய கதை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஹெலிகே மூழ்கியபோது பிளேட்டோ உயிரோடு இருந்தவர் என்பதை மட்டும் மகளிடம் சொல்லுங்கள். மிச்சத்தை அவள் யோசிக்கட்டும்.

எகிப்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஹெராக்லியோன் என்ற துறைமுகத்தைப் பற்றிப் பழைய கிரேக்கர்கள் எழுதியிருந்தார்கள். டிராய் போர்க் கதையில் வரும் ஹெலனே அங்கே வந்து போனதாகக் கதை உண்டு. ஊர் எங்கே என்று தெரியாமலே இருந்தது. 2000-ல் ஃபிராங்க் கோடியோ குழு அபுகிர் வளைகுடாவில், கரையிலிருந்து ஆறரை கிலோமீட்டர் தள்ளி, பத்து மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட நங்கூரங்கள் அங்கே கிடந்தன. எகிப்தியர்கள் தோனிஸ் என்று சொன்ன ஊரும் இதுவும் ஒன்றே என்பது அங்கே கிடைத்த கல்வெட்டால் உறுதியானது. ஹெலன் வந்தாளா என்பதை நங்கூரம் சொல்லாது. துறைமுகம் இருந்தது என்பதைச் சொல்லும்.

நோவா வெள்ளத்துக்கு வருகிறேன். 1872-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் நினிவேயிலிருந்து வந்த களிமண் பலகைத் துண்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பலகையில் கப்பல், வெள்ளம், நிலம் தெரிகிறதா என்று பார்க்கப் புறாவை விட்டது, எல்லாம் வரிசையாக வந்தன. கில்கமேஷ் என்ற பழைய மெசொப்பொத்தேமியக் கதையில் வரும் உத்னபிஷ்டிம் என்ற ஆள் சொல்வது அது. கதை பைபிளுக்கும் முந்தியது என்று தெரிந்தது. அதற்கப்புறம் 1929 வாக்கில் ஊர் என்ற பெயருடைய பழைய சுமேரிய நகரத்தில் (பெயரே "ஊர்", மகளுக்குப் பிடிக்கும்) லியோனர்டு வூலி தோண்டியபோது, எட்டு அடிக்கும் மேல் சுத்தமான வண்டல் இருந்தது. அதற்கு மேலேயும் மனிதர் வாழ்ந்த தடயம், கீழேயும் தடயம். இதுதான் அந்தப் பெருவெள்ளம் என்று அவர் அறிவித்தார். ஆனால் சற்றுத் தூரத்தில் இருக்கும் எரிடுவில் அந்த வண்டல் இல்லை. வேறு ஊர்களில் கிடைத்த வெள்ள மண் வேறு வேறு காலத்தது. ஆக, உலகம் முழுக்க மூழ்கிய ஒரே வெள்ளம் இல்லை. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் பல தடவை பட்ட அடிகள். அத்தனை வெள்ளமும் ஒரே கதையாகச் சேர்ந்துவிட்டது.

நம் பூம்புகார். இந்திர விழாவை நிறுத்தியதால் கடல் கொண்டது என்பது மணிமேகலை. மண் சொல்வது வேறு. 1960-களில் பூம்புகார்ப் பக்கத்துக் கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை கிடைத்தது. அங்கிருந்த மரத்தூணின் வயது கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் போகிறது. இன்னொன்றும் இருக்கிறது, உங்கள் ஆயாவுக்காகவே சொல்கிறேன். பூம்புகார் கரையில் அலை வந்து போகும் இடத்தில் சுடுமண் உறைகிணறுகள் கிடைத்திருக்கின்றன. தரங்கம்பாடி வரைக்கும் அப்படித்தான். குடிதண்ணீர்க் கிணற்றைக் கடலுக்குள் யாரும் வெட்ட மாட்டார்கள். கிணறு நிற்கிற இடம் ஒரு காலத்தில் வீடுகளுக்கு நடுவில் இருந்த நிலம்.

உங்கள் ஆயா வீட்டைப் பற்றிச் சொன்னது ஞாபகம். கிணற்றைப் பற்றிச் சொன்னது சாட்சியம். அதை எழுதி வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் குப்பத்தைக் கடல் கொண்டதற்குக் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சென்னைத் துறைமுகத்துக்கு 1875-ல் அடிக்கல் போட்டார்கள். 1881 புயலில் சுவர்கள் இடிந்தன, மறுபடி கட்டினார்கள். தெற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்து வரும் மணல் அந்தச் சுவரில் தடுபட்டு நின்றுவிட்டது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் கரை கரைந்தது. மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது நாம் உட்கார்ந்திருக்கிற மணலில் உங்கள் ஆயாவின் வலைத் திட்டுக்கு வர வேண்டிய மணலும் இருக்கிறது.


தென்மதுரை (வியாசர்பாடி)

வாத்தியார் ஐயா எழுதியதில் குமரிக்கண்டத்தை மட்டும் தொடாமல் போய்விட்டீர்கள். அதுதான் நம்முடையது. "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்று சிலப்பதிகாரமே சொல்கிறது. ஆற்றின் பெயரோடு சொன்னதை எப்படிக் கதை என்று ஒதுக்குவது? கிரேக்க ஓடக்காரன் சொன்னதை ஆதாரமாக எடுக்கிறவர்கள் இளங்கோவடிகள் சொன்னதை ஏன் எடுப்பதில்லை? இந்தப் பிள்ளை சார்ட்டில் முதலில் குமரிக்கண்டம்தான் வர வேண்டும் என்பது என் கருத்து.


ஓய்வு வாத்தியார் (தண்டையார்பேட்டை)

கேட்டது நியாயம் தம்பி. ஓடக்காரர்களுக்கு ஒரு நியாயம், இளங்கோவுக்கு ஒரு நியாயம் என்று வைக்கக் கூடாது. அதனால் அதே கேள்விகளை இங்கேயும் கேட்கிறேன்.

சிலப்பதிகார வரி சொல்வது ஓர் ஆறும் மலை அடுக்கும் குமரிக் கோடும் கடலில் போயின என்பது மட்டும்தான். கண்டம் என்று அதில் இல்லை. 49 நாடு, எழுநூற்றுக் காவதம் (காவதம் பழைய தூர அளவு) என்று அளவு சொன்னவர் அடியார்க்கு நல்லார். அவர் பல நூற்றாண்டு கழித்து உரை எழுதியவர். குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்கிற லெமூரியா என்ற பெயர் 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் போட்டது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் என்ற குரங்கு மாதிரி விலங்கினம் எப்படி வந்தது என்று விளக்க, நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். அவருக்குத் தமிழ் நூல்களோடு ஒரு தொடர்பும் இல்லை. நம் ஆட்கள்தான் பிறகு இரண்டையும் சேர்த்தார்கள். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு ஸ்கிளேட்டரின் நிலத்துக்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

ஆனால் வரியை நான் தூக்கிப் போடவில்லை. சுமார் 20,000 வருடத்துக்கு முன்னால், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. நம் கரை இன்றைய கடலுக்குள் வெகு தூரம் போயிருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம். அந்த நிலம் ஆயிரக்கணக்கான வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கியது. தரங்கம்பாடியில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போனது கண்ணால் பார்க்கிற விஷயம். தலைமுறை தலைமுறையாகக் கரையை இழந்த ஒரு ஜனம், "கடல் கொள்ள" என்று ஒரு சொல்லை வைத்திருப்பதில் என்ன ஆச்சரியம்? அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். அதற்கு மேல் கண்டம் கட்ட மாட்டேன்.


ஃபைபர் போட் (காசிமேடு)

ஒற்றியூர் அண்ணே, நான் படித்தவன் இல்லை. ஆனால் அந்த வலை மாட்டுகிற விஷயத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அப்பா கட்டுமரம் போட்டவர். உங்கள் குப்பத்துக்கு நேர் கிழக்கே, கரைக்குக் கிட்டத்திலேயே ஓர் இடம் உண்டு. அங்கே வலை விட்டால் அடியில் மாட்டிக் கிழியும். அப்பா அந்த இடத்தைக் கிணத்தடி என்றுதான் சொல்வார். ஏன் அந்தப் பெயர் என்று நான் கேட்டதே இல்லை. கடலுக்குள் பார் (அடியில் பாறைத் திட்டு) இருக்கும் இடத்துக்கெல்லாம் ஒரு பெயர் இருக்கும், அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது உங்கள் ஆயா கதையைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் எங்களுக்குக் கரைதான் கணக்கு. கரையில் இருக்கிற இரண்டு அடையாளம் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி படகை நிறுத்த வேண்டும். வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளம் ஏற வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் இடம். கிணத்தடிக்கு அப்பா சொல்லிக் கொடுத்தது, தியாகராயர் கோயில் கோபுரத்து உச்சியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும். தொட்டியை இடித்துவிட்டார்கள். ஆனால் அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆயாவை ஒரு நாள் கரையில் கொட்டியிருக்கிற கருங்கல்லுக்கு மேல் கூட்டி வந்து, எந்தப் பக்கம் கிணறு என்று கேளுங்கள். நான் சொல்வதை முன்னாடியே சொல்லாதீர்கள். அது தானாகச் சொல்லட்டும். பிறகு பார்க்கலாம்.

வாத்தியார் மணல் பற்றி எழுதியது நூற்றுக்கு நூறு. தெற்கிலிருந்து வருகிற தண்ணியை நாங்கள் தெண்டி என்போம். தெண்டி ஓடுகிற மாதங்களில்தான் மணல் வடக்கே வரும். அது வருகிற வழியை அடைத்துவிட்டு இங்கே கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். அதனால் மிச்சக் கரை நின்றது என்பதும் உண்மை. வலை இழுக்க மணல் இல்லை என்பதும் உண்மை.


ஓய்வு வாத்தியார் (தண்டையார்பேட்டை)

ஃபைபர் போட் தம்பி, படித்தவன் இல்லை என்று எழுதாதீர்கள். துருக்கியில் உலுபுருன் என்ற இடத்தில், கி.மு. 1300 வாக்கில் மூழ்கிய கப்பலைக் காட்டிக் கொடுத்தவர் கடற்பஞ்சு எடுக்க முங்குகிற ஓர் ஆள்தான். 1982-ல், "அடியில் காது வைத்த உலோக பிஸ்கட் கிடக்கிறது" என்று சொன்னார். அவை செம்புக் கட்டிகள். மொத்தம் பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம் என்று எடுத்தார்கள். 1931-ல் வட கடலில் ஒரு இழுவைப் படகின் வலையில் வந்த கரிமண் கட்டிக்குள் மான்கொம்பில் செய்த ஈட்டிமுனை இருந்தது. பிரிட்டனையும் ஐரோப்பாவையும் சேர்த்திருந்த நிலம் அந்தக் கடலுக்கு அடியில் இருப்பதற்கு அது நல்ல சாட்சி. மாமல்லபுரத்தில் கடலுக்குள் கட்டடம் தேடியவர்களுக்கும் மீனவர்கள் சொன்ன இடங்கள்தான் தொடக்கம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அந்த இடத்தில் வலை மாட்டுவது கரைக்குக் கொட்டிய கருங்கல் உருண்டு போனதாலும் இருக்கலாம். கல் கொட்டுவதற்கு முன்னாலேயே அப்பா அந்தப் பெயரைச் சொன்னாரா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். அதுதான் முக்கியமான கேள்வி. முன்னாடியே சொல்லாதீர்கள் என்று எழுதினீர்களே, நான் வருடக்கணக்கில் பாடம் நடத்தியது அதைத்தான்.


முகத்துவாரம் (எண்ணூர்)

அண்ணா, பேச்சு கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை, ஒன்று சொல்லிவிடுகிறேன். வடசென்னை என்றாலே சாம்பல், குழாய், கண்டெய்னர் லாரி என்று நினைக்கிறவர்களுக்காக.

எங்கள் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறதே கொசஸ்தலை ஆறு, அதன் மேல்பகுதியில்தான் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். அதே வருடம் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகளைக் கண்டுபிடித்தார்கள். தொல்லியல் அறிஞர் சாந்தி பப்பு அம்மாவின் குழு அங்கே அடுக்கடுக்காகத் தோண்டியதில் கீழடுக்குக் கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் வருடம் வயது என்று 2011-ல் வெளிவந்தது. பூண்டி அருங்காட்சியகத்தில் அந்த மாதிரிக் கற்களை வைத்திருக்கிறார்கள். போன வருடம் பசங்களைக் கூட்டிப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கல் ஒரு கைக்குள் அடங்குகிற மாதிரி, கட்டைவிரல் வைக்க ஓர் இடம், விளிம்பில் தட்டித் தட்டி எடுத்த சில்லுத் தடம். நீங்கள் அம்மிப் பள்ளத்தில் பிள்ளை கை வைத்ததை எழுதினீர்களே, அதைப் படித்ததும் அந்தக் கல்தான் ஞாபகம் வந்தது. எழும்பூர் மியூசியத்துக்கும் மகளைக் கூட்டிப் போங்கள். ஃபூட் சேர்த்த கற்களும் ஆதிச்சநல்லூர் தாழிகளும் அங்கே இருக்கின்றன.


ஒற்றியூர்க்காரன் (திருவொற்றியூர்)

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதை மகளிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஹெலிகே வந்ததும் நோட்டை எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டோ வைத்து ஆயாவைக் கல்லுக்குக் கூட்டிப் போனோம். ஆயா அந்தப் பக்கம் வந்து ஆறேழு வருடம் இருக்கும். மேலே ஏற முடியவில்லை. நானும் ஃபைபர் போட் தம்பியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஒரு தட்டையான கல்லில் உட்கார வைத்தோம். நான் எதுவும் சொல்லவில்லை. மகள்தான் கேட்டாள், "கிணறு எங்க ஆயா?" என்று.

ஆயா கடலைப் பார்க்கவே இல்லை. திரும்பிக் கரையைப் பார்த்தது. கோபுரத்தைத் தேடியது. இப்போது நடுவில் மாடி வீடுகள் வந்துவிட்டன, உச்சி மட்டும்தான் தெரிகிறது. "தண்ணி மொண்டுட்டு நிமிந்தா கோபுரம் இந்தத் தோளுக்கு நேரா இருக்கும், ரெண்டு பனைக்கு நடுவுல" என்று இடது தோளைத் தட்டிக் காட்டியது. பனை இரண்டும் இப்போது இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தே உடம்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்பக்கமாகக் கையை நீட்டி, "அங்க" என்றது.

ஃபைபர் போட் தம்பி அப்புறம் அவருடைய அப்பா சொன்ன கோட்டைக் காட்டினார். இரண்டும் ஒரே இடம் இல்லை. ஆயா காட்டியதற்கு வடக்கே, இரண்டு கரண்ட் கம்பம் தூரம் இருக்கும். எனக்கு மனசு கொஞ்சம் விழுந்துவிட்டது, ஒளிக்கவில்லை. தம்பியோ, "அண்ணே, அலைக்குள்ள நின்னது இடிஞ்சு வடக்கே உருண்டிருக்கும், தெண்டி தள்ளியிருக்கும்" என்றார். இருக்கலாம். அவருடைய அப்பா கல் கொட்டுவதற்கு முன்னாடியே அந்தப் பெயரைச் சொன்னாரா என்று கேட்டேன். தெரியவில்லை, பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வாத்தியார் ஐயா கேட்ட கேள்வி அது ஒன்றுதான் இன்னும் நிற்கிறது.

மகள் சார்ட்டில் குப்பத்தின் படம் வரைந்தாள். ஆயா காட்டிய இடத்துக்குப் பச்சைப் புள்ளி, வலை மாட்டுகிற இடத்துக்கு நீலப் புள்ளி. நடுவில் "இரண்டு சாட்சி, ஒத்துப்போகவில்லை, இன்னும் விசாரிக்க வேண்டும்" என்று அவளே எழுதினாள். பக்கத்தில் ஹெலிகே. அட்லாண்டிஸைக் கடைசிக்குத் தள்ளிவிட்டாள்.

முடித்ததும் ஆயாவிடம் காட்டினாள். ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, சார்ட்டை முகத்துக்குக் கிட்டத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தது. பிள்ளை கிணற்றுக்கு மேலே இரண்டு தூண் நட்டு ராட்டினம் வரைந்திருந்தாள். ஆயா அதில் விரலை வைத்து, "இது கிடையாது. கயிறும் வாளியும்தான். கயிறு அறுத்து அறுத்து வாயிக் கல்லுல நாலு கோடு விழுந்திருக்கும், அதைப் போடு" என்றது. மகள் ரப்பரை எடுத்து ராட்டினத்தை அழித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு லோடுக்கு நேரமாகிவிட்டது.